இருபத்து மூன்று சிலைகளும் ஒரு குழாயும்

என் சித்தியின் வேலை சிலைகளைக் குளிப்பாட்டுவது. நகராட்சித் தாள்களில் அதற்கு 'பராமரிப்பு உதவியாளர், இரண்டாம் நிலை' என்று பெயர். முதல் நிலை யார் என்று சித்தி இருபத்திரண்டு வருடங்களாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒருவரை நியமித்த ஞாபகம் யாருக்கும் இல்லை. பூங்காவில் அவள் பெயர் வாளியக்கா.

அந்தச் சிற்பப் பூங்கா பென்சில் பெட்டி மாதிரி குறுகி நீண்டது. ஒரு முனையில் வாசல், காவலாளியின் கூண்டு, கூண்டை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய். மறு முனையில் மதில், மதிலுக்கு அப்பால் பின்சாலை. நடுவில் இருபத்து மூன்று சிலைகள். குழாய் ஒன்றே ஒன்றுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீதிக் கதை முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது.

ஒவ்வொரு சிலைக்கும் கீழே ஒரு பித்தளைத் தகடு உண்டு. சித்தி தகட்டைத் துடைப்பாளே தவிர, அதில் உள்ளதை ஏற்றுக்கொண்டதில்லை. 'வேகம்' என்று தகடு சொல்வதை அவள் குதிரை என்பாள். கன்னத்தில் கை வைத்திருக்கும் 'மௌனம்' அவளுக்குப் பல்வலிக்காரன். பதினான்காவது, ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் உருண்டை. தகட்டில் 'தலைப்பில்லாதது – 4'. ஒன்று முதல் மூன்று வரை எங்கே என்று ஆரம்பத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அதற்கு மூட்டை என்று பெயர் வைத்துவிட்டாள்.

கழுவுவதற்கு முறை இருக்கிறது. வெண்கலத்தை வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் காய்ந்து வெள்ளைத் திட்டு விழும். கல்லைக் கீழிருந்து மேலாக நனைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் அழுக்கு கோடு கோடாக இறங்கிவிடும். காதுக்கும் மூக்குக்கும் பழைய பல்தேய்க்கும் பிரஷ். ஒட்டிக்கொண்டதைச் சுரண்டத் தேய்ந்த பிளாஸ்டிக் அட்டை. ஒரு சிலைக்கு இரண்டு வாளி.

காலை ஐந்தரைக்கு வாசலில் தொடங்கினால், ஒன்பது மணிக்குப் பூங்கா திறப்பதற்குள் பத்துச் சிலை முடியும். பதினொன்றாவதிலிருந்து வாளி நடக்கும் தூரம் கூடிவிடும். பதினான்காவதுக்குப் போகும்போது வலது முழங்கால் தனியாகப் பேசத் தொடங்கும். அதனால் முன்பத்து தினமும், பின்பதிமூன்று திங்கட்கிழமைகளில் மட்டும். திங்கள் பூங்காவுக்கு விடுமுறை, நாள் முழுக்க அவளுடையது. மற்ற நாட்களில் ஒன்பது மணி அடித்ததும் எதிரே உள்ள நகராட்சி நூலகத்துக்குப் போய் நாற்காலிகளை ஒழுங்குபடுத்தித் தரையைத் துடைப்பாள்.

ஆக, அந்தப் பூங்காவில் மக்களைச் சித்தி பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். மக்கள் விட்டுப்போனதைத்தான் பார்ப்பாள்.

போன வருடம் பூங்காவைப் புதிதாக வடிவமைக்கப் போவதாக நகராட்சி அறிவித்தது. மக்களைக் கேட்டுத்தான் எதுவும் செய்வார்களாம். முதல் கூட்டம் நூலகக் கூடத்தில். நாற்காலி போட்டது சித்திதான். வரைபடச் சுருளுடன் ஓர் இளம்பெண் வந்தாள், வடிவமைப்பாளர். "இந்தப் பூங்கா உங்களோடது. நீங்க சொல்றதுதான் நடக்கும்" என்றாள். சித்தி கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள். மதில் பக்கம் இன்னொரு குழாய் வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு கருத்து எதுவும் கிடையாது.

கூட்டத் தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்கம்மா?"

"பூங்காவுலதாங்க வேலை பாக்குறேன்."

"அப்ப நீங்க பொதுமக்கள் கிடையாதே."

"வேலை முடிஞ்ச பிறகு?"

"முடிஞ்சா, வேலை முடிஞ்ச பணியாளர். பதிவு பண்ணிக்கோங்க." கடைசி வாக்கியம் எழுத்தருக்கு. அதை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார்.

மறுநாள் பூங்கா மேற்பார்வையாளர் அவளைத் தனியே கூப்பிட்டார். சித்தியின் மகன் வயது அவருக்கு. அலுவலகத்தில் அவர் சார், பூங்காவுக்குள் தம்பி.

"அக்கா, இந்தக் கருத்துக்கேட்பு விஷயத்துல நீங்க எதுலயும் தலையிடாதீங்க. மேலருந்து கடுதாசி வந்திருக்கு."

"நான் எதுக்குத் தம்பி தலையிடப் போறேன்?"

"படிக்கக்கூட வேணாம்."

சித்தி படிக்கவில்லை. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அந்த விஷயமாக எந்தத் தாள் கண்ணில் பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

வீட்டில் சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் முப்பது வருடம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். "நான் பொதுமக்கள்தானே?" என்று ஒரு விண்ணப்பத்தை வாங்கி வந்தார். அதில் பெஞ்சு, விளக்கு, பூச்செடி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, குழாய்க்கு இல்லை. 'இதர' என்ற இடத்தில் 'குழாய்' என்று எழுதினார். காரணம் கேட்டிருந்த இடத்தில் 'என் மனைவிக்கு முழங்கால் வலி' என்று எழுதினார். பிறகு வெளிவந்த தொகுப்பில் அது 'மருத்துவ வசதி கோரியோர்: 1' என்று இருந்தது.

அடுத்தது ஸ்டிக்கர் வாரம். பிடித்த சிலையில் பச்சைப் பொட்டு, பிடிக்காததில் சிவப்புப் பொட்டு. செவ்வாய் முதல் ஞாயிறு வரை மக்கள் ஒட்ட வேண்டும். திங்கள் காலை பத்து மணிக்கு எண்ணுவார்கள். குறைவாகப் பச்சை வாங்கியவை கிடங்குக்குப் போகும். பொட்டுகளை ஒன்பது மணிக்கு வரும் காவலாளி கொடுப்பார். விளக்கப் பலகையை ஒன்பது மணிக்கு வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுத்துவிடுவார்.

புதன்கிழமை ஐந்தரைக்கு வந்த சித்தி, குதிரை முழுக்கப் பச்சை அம்மை போட்டிருப்பதைப் பார்த்தாள். யாரோ கடை திறந்து விளம்பரம் பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். விளம்பரத்தில் கடையின் பெயர் இல்லாததைக் கவனித்து, புத்தியில்லாத முதலாளி என்றும் நினைத்தாள். பிளாஸ்டிக் அட்டையை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். தரையில் போட்டால் குப்பை, குப்பைத் தொட்டியோ நூலகத்துப் பக்கம். எனவே சுரண்டியதையெல்லாம் வாளியின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டே போனாள்.

வியாழன் அதே. வெள்ளி அதே. சனிக்கிழமை, "விடமாட்டேங்கிறானே பாவி" என்று சித்தப்பாவிடம் சொன்னாளாம். பொட்டு மறைவதைக் கவனித்த ஒன்றிரண்டு பேர் காவலாளியிடம் கேட்டிருக்கிறார்கள். "அதெல்லாம் அன்னன்னிக்கு எடுத்து எண்ணிடுவாங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். யார் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் கூண்டில் உட்கார்ந்திருக்கிறவர் தெரியாது என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வடிவமைப்பாளரும் மேற்பார்வையாளரும் மதில் முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். விடுமுறை நாளின் நிதானத்தில் சித்தி அப்போதுதான் பத்தாவது சிலையை முடித்துவிட்டு வாளியோடு பதினொன்றாவதுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, தள்ளி நில்லுங்க, இது கருத்துக்கேட்பு" என்றார் மேற்பார்வையாளர்.

சித்தி தள்ளி நின்றாள். வாளியையும் நகர்த்திக்கொண்டாள்.

பின்பதிமூன்று சிலைகளில் ஆறு நாட்களின் பொட்டுகள் அப்படியே இருந்தன. மூட்டைக்கு மட்டும் தொண்ணூற்று நான்கு பச்சை. பாவம் என்று ஒட்டியவர்கள்தான் அதிகம் என்பது என் ஊகம். முன்பத்து சிலைகளில் ஒன்றுகூட இல்லை. சுத்தமாக, இன்னும் ஈரத்தோடு நின்றன. 'மக்கள் பூங்காவின் ஆழத்தை நாடுகிறார்கள்' என்று அறிக்கையில் எழுதினார்கள்.

இரண்டாம் கூட்டத்தில் புதிய வரைபடம் சுவரில் மாட்டப்பட்டது. சித்தி டீ கொடுத்துக்கொண்டே பார்த்தாள். முன்பக்கச் சிலைகள் பத்தும் கிடங்குக்கு. பழைய வாசல் மூடப்படும். மதிலை உடைத்துப் பின்சாலையில் புது வாசல். அதன் அருகில் ஒரு சின்ன நீல வட்டம்.

"இது என்னம்மா, நீலமா?" என்று வடிவமைப்பாளரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"குழாய்ங்க. பின்சாலையில ஏற்கெனவே லைன் போகுது, சுலபம்."

சித்தி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதிமூன்று சிலை, பக்கத்திலேயே தண்ணீர். முழங்காலுக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற நில அளவையர் எழுந்தார். ஒரு கூட்டத்தையும் அவர் விட்டுவைப்பதில்லை. "குதிரைக்கு ஒரு ஓட்டுகூடவா விழல? என் பேத்தியே ரெண்டு ஒட்டினாளே!"

"எண்ணினதுல இல்லைங்க சார்" என்று வடிவமைப்பாளர் மேசையிலிருந்து மீந்துபோன ஸ்டிக்கர் தாளை எடுத்துக் காட்டினாள். பச்சைப் பொட்டு, சிவப்புப் பொட்டு, விரல் நகத்தளவு.

சித்தி தட்டை மேசையில் வைத்தாள். டீ இரண்டு பேருக்குப் போய்ச் சேரவில்லை என்று கூட்டக் குறிப்பில் இருக்கிறதாம்.

வீட்டில் சித்தப்பா முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் சொன்னார். "வாய மூடிக்கிட்டு இரு. பத்து சிலை போனா பத்து சிலை கழுவ வேணாம். குழாய் வேற வருது. உனக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டம் ஒண்ணும் இல்ல. அதுதான் ஒரு மாதிரியா இருக்கு."

"லாபம் வந்தா ஒரு மாதிரியா இருக்கறவள நான் இப்பத்தான் பாக்குறேன்."

"பாத்துக்கோங்க. முப்பத்தோரு வருஷமா பக்கத்துலதான் இருக்கேன்."

மூன்று நாள் அவள் குதிரையைக் கழுவினாள். குதிரையின் மூக்கு மட்டும் பொன்போலப் பளபளக்கும், மற்ற உடம்பெல்லாம் பழுப்பு. அந்த மூக்குக்கு அவள் பாலிஷ் போட்டதே கிடையாது. கைகள் போட்ட பாலிஷ். இருபத்திரண்டு வருடம் நின்ற இடத்தில் நின்று அத்தனை கைகளை வாங்கிய மிருகத்துக்கு ஒரு பொட்டுகூட விழவில்லை என்று தாளில் எழுதியிருக்கிறது. எழுதவைத்தது அவளுடைய பிளாஸ்டிக் அட்டை.

மூன்றாம் கூட்டத்தில் திட்டத்தை நிறைவேற்றுவதாக இருந்தது. தலைவர் "ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டபோது, சித்தி வாளியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். நீல வாளி. நீலம் தெரியாதபடி பொட்டு.

"பணியாளர் கருத்து சொல்லக் கூடாதும்மா" என்றார் தலைவர்.

"கருத்து இல்லைங்க சார். வாளி."

நில அளவையர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "என்னய்யா இது, இத்தனை பச்சை?"

தலைவர் யோசித்து, பணியாளர் கேள்விக்குப் பதில் சொல்லலாம், தானாகப் பேசக்கூடாது என்று முடிவு செய்து பதிவு பண்ணச் சொன்னார். அதன்பிறகு கேள்விகளை நில அளவையர் கேட்டார்.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"குதிரையில. பல்வலிக்காரன்கிட்ட. மொத பத்துலயும்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"சிலையில என்ன ஒட்டியிருந்தாலும் எடுக்கணும்னு வேலையில சேர்றப்பவே கையெழுத்து வாங்கிட்டாங்க."

மேற்பார்வையாளர் எழுந்துவிட்டார். "ஐயோ அக்கா, அது மக்களோட கருத்து!"

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்? பபுள்கம்மும் மக்கள்தான் ஒட்டுறாங்க." அலுவலகக் கூட்டத்தில் தம்பி என்று சொன்னது அதுவே முதல் முறை.

"அப்ப பின்னாடி பதிமூணுல மட்டும் ஏன் எடுக்கல?" என்றார் நில அளவையர்.

சித்தி வரைபடத்தில் இருந்த நீல வட்டத்தை ஒருமுறை பார்த்தாள். இந்தப் பதிலோடு அது போய்விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"தண்ணி அங்க வராதுங்க. திங்கக்கெழமைதான் போவேன்."

நில அளவையர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நாம எண்ணினது கருத்தே இல்ல. குழாய்லேருந்து எவ்ளோ தூரம்னு அளந்திருக்கோம்." தொழில்முறையில் அவருக்கு அதில் ஒரு திருப்தி இருந்த மாதிரி தெரிந்தது. பிறகு உட்கார்ந்து வாளியை எண்ணினார். பச்சை முந்நூற்றுப் பன்னிரண்டு, சிவப்பு ஒன்பது. "கணக்குப்படி பாத்தா பூங்காவுல நிரந்தரமா வைக்கவேண்டியது இந்த வாளியத்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் பதிவு பண்ணிக்கொண்டார். வாளியையும் ஆவணம் என்று அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

திட்டம் முழுவதுமாக ரத்து. சித்திக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. 'பொதுமக்கள் கருத்தை அகற்றியதன் காரணம் யாது?' சித்தி ஒரே வரியில் பதில் எழுதினாள். 'அழுக்கு என்று நினைத்தேன்.' அதைக் கோப்பில் சேர்த்தார்கள். மேல் நடவடிக்கை என்று எதுவும் வரவில்லை. அந்தப் பதிலுக்கு மேல் என்ன கேட்பது என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

"போச்சா குழாய்?" என்றார் சித்தப்பா.

"போச்சு."

"நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க அப்பவே சொன்னதாலதான் எனக்குத் தைரியமே வந்தது."

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வடிவமைப்பாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் வரைபடம் இல்லை, ஒரு நோட்டு மட்டும்.

"அக்கா, எது எது மக்களுக்குப் பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் கருத்து சொல்லக் கூடாதும்மா."

"கருத்து வேணாம். ஒவ்வொண்ணுலேருந்தும் தினம் என்ன எடுக்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குத் தடை இல்லை. சித்தி சொல்லிக்கொண்டே கழுவினாள். குதிரையில் விரல் ரேகை, மூக்கிலும் வலது காதிலும் அதிகம், முதுகில் செருப்பு மண். பல்வலிக்காரன் கன்னத்தில் மாதத்துக்கு ஒருமுறை யாரோ பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். "யாருன்னு தெரியல. அத மட்டும் ரெண்டு நாள் விட்டுத்தான் எடுப்பேன். உடனே எடுத்தா நல்லாருக்காது." ஏழாவதில் உதட்டுச் சாயம். ஒன்பதாவதின் மடியில் பேருந்துச் சீட்டுகள், காத்திருப்பவர்கள் உட்காரும் இடம்.

பதினொன்றாவதுக்குப் போகும்போது, "குடுங்க, நான் தூக்குறேன்" என்று வடிவமைப்பாளர் வாளியை வாங்கிக்கொண்டாள். பதினான்காவதுக்குள் மூன்று முறை கீழே வைத்தாள். மூன்றாவது தடவை உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"மூட்டையில என்னக்கா எடுப்பீங்க?"

"காக்கா எச்சம்."

"வேற?"

"வேற காக்காவோட எச்சம்."

அதற்குப் பின் இருபத்து மூன்று வரைக்கும் அதே பதில்தான். "இதெல்லாம் அசிங்கம்னு இல்லம்மா" என்றாள் சித்தி. "அந்த ஸ்டிக்கர் வாரத்த விட்டா, இவ்ளோ தூரம் யாரும் வர்றதில்ல. நானே வாரத்துக்கு ஒருதடவதான் வர்றேன்."

வடிவமைப்பாளர் முதலில் குழாய்க்குத்தான் எழுதிப்போட்டாள். மதிலை உடைப்பது ரத்தானதால் பின்சாலை லைனைத் தொட முடியாது, வாசலிலிருந்து மதில்வரை குழாய் பதிக்க நீர்த்துறை, மரத்துறை, சாலைத்துறை மூன்றின் அனுமதியும் வேண்டும் என்று பதில் வந்தது. மரத்துறை வேரைக் காட்டியது, சாலைத்துறை பூங்காவுக்குள் சாலை இல்லையே என்று நான்கு மாதம் வியந்தது. நில அளவையர்தான் நான்காம் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சிலைய நகர்த்த எத்தன அனுமதி?"

"ஒண்ணு" என்றார் மேற்பார்வையாளர். "நம்மளோடது."

குழாய் நகரவில்லை. சிலைகள் நகர்ந்தன. பதிமூன்றையும் கிரேன் வைத்துத் தூக்கி, முன்பக்கச் சிலைகளின் இடையிலும் சுற்றிலும் வைத்தார்கள். குதிரை நடுவில். மதில் பக்கம் வெறும் புல்தரை. எதுவும் கிடங்குக்குப் போகவில்லை. வாசலில் புதிய பலகை வைத்தார்கள். 'பொதுமக்களின் கருத்துப்படி அமைக்கப்பட்டது.' அந்தப் பலகையையும் சித்திதான் துடைக்கிறாள். கணக்கில் அது இருபத்து நான்காவது.

இப்போது கடைசிச் சிலை குழாயிலிருந்து நாற்பத்தைந்து அடி. சித்தியிடம் தொலைபேசியில் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன், நில அளவையர் நாடா வைத்து அளந்திருக்கிறார். இருபத்து மூன்றும் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடுகிறது. முழங்கால் இன்னும் பேசுகிறது, ஆனால் படிக்கட்டில் மட்டும். புது வாளி சிவப்பு. கைப்பிடி சரியில்லை என்கிறாள்.

மூட்டையைக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். குதிரைமேல் ஏறத் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அதன்மேல் சாய்ந்து நிற்கிறார்களாம். இது சித்தி பார்த்ததில்லை, கல்லில் தோள் உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஏறுவதை வைத்துச் சொல்கிறாள்.

போன மாதம் ஒரு காலை அவள் மூட்டையைக் கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டு வந்தபோது, இடது பக்கம் ஒரு பபுள்கம் ஒட்டியிருந்தது. மெல்லியது, இளஞ்சிவப்பு, நடுவில் கட்டைவிரல் பதிந்த குழி. அந்தக் கல்லில் அவள் பார்த்த முதல் பபுள்கம்.

பிளாஸ்டிக் அட்டையைக் கையில் எடுத்தாள். பிறகு பைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் விட்டுத்தான் எடுத்தாள்.